எதைச் சார்ந்த இடம்

1786-ஆம் ஆண்டில் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் லண்டனில் வெளியிட்ட வர்த்தகப் படத்தொகுதியில், டென்மார்க், நார்வே ஆகிய தேசங்களுடன் இங்கிலாந்து 1700 முதல் 1780 வரை நடத்திய ஏற்றுமதி இறக்குமதியின் சரித்திரம் முழுவதும் இரண்டே வளைகோடுகளாக ஒரு தகட்டில் செதுக்கப்பட்டிருக்கிறது. எண்பது ஆண்டுக் கணக்கை இரண்டு கோடுகளில் அடக்கிக் காட்டியது அக்காலத்தில் பெரும் புதுமை. அதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அந்தப் படத்தை நிதானமாகப் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தைக் கவருவது எழுத்துக்கள் அங்கே அமர்ந்திருக்கும் விதமே. இது இறக்குமதி, இது ஏற்றுமதி என்று அறிவிக்கும் சொற்கள் அந்தந்தக் கோட்டின் நெளிவைப் பின்பற்றி ஓடுகின்றன. வர்த்தக மிச்சம் இங்கிலாந்துக்குப் பாதகமாக இருந்த காலமும் சாதகமாக மாறிய காலமும், இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே பெயர் பெற்று நிற்கின்றன. ஆண்டுகள் அடியிலும், பத்தாயிரம் பவுன் வீதம் பகுத்த தொகைகள் வலக்கரையிலும் வரிசைப்பட்டிருக்கின்றன. படிப்பவரின் கண் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

தகடு செதுக்கியவருக்கு ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. தகடு முழுவதும் அவர் கண்ணெதிரே கிடந்தது; கோடுகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்த்துப் பார்த்து, வெளி இருந்த இடத்தில் சொல்லை இறக்க அவரால் முடிந்தது. இன்று அதே படத்தைக் கணினி நிரலைக் கொண்டு வரைகிறவரோ, தாம் இன்னும் காணாத ஒரு தாளின்மீது, நாளைக்கு மாறிவிடக்கூடிய எண்களுக்காக, ஒவ்வோர் உறுப்பும் எங்கே அமர வேண்டும் என்பதை முன்கூட்டியே விதித்துவிட வேண்டியிருக்கிறது. தரவு வளரலாம், தாள் சுருங்கலாம், எழுத்து பெரிதாகலாம். இவற்றுள் எது மாறினாலும் விதி மாத்திரம் பொருளுடையதாக இருக்க வேண்டும். ஆகவே ஓர் உறுப்பை எங்கே வைப்பது என்று கேட்பதற்கு முன்னால், எதைச் சார்ந்து வைப்பது என்று கேட்டாக வேண்டும். தரவுக் காட்சிப்படுத்தும் நிரல் நூலகங்களில் இட அமைப்பைப் பற்றிய சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே கிளைப்பதாக நான் கருதுகிறேன்.

இவ்விஷயத்தை விளக்குவதற்குப் பைத்தான் மொழியில் இயங்கும் மேட்பிளாட்லிப் என்ற நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது அதன் தரவுகளைக் காட்டியதும், 2019-இல் உலகம் கண்ட முதல் கருந்துளைப் படத்தின் ஆக்கத்தில் துணைநின்றதும் இந்த நூலகமே. இதைப் படைத்தவர் ஜான் ஹண்டர். சிகாகோவில் நரம்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். வலிப்பு நோயாளிகளின் மூளையில் பொருத்தப்பட்ட மின்முனைகள் பதிவு செய்யும் அலைகளைக் கண்ணால் கண்டு ஆராயத் தக்க கருவி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. மேட்லேப் என்ற விலைமிக்க மென்பொருள் தந்த வசதியை எவரும் இலவசமாகப் பெறும்படி 2003-இல் அவர் இந்நூலகத்தை வெளியிட்டார். 2012-இல், நடுத்தர வயதிலேயே, அவர் காலமானார். அவருடைய உழைப்பின் பயனை இன்று விஞ்ஞான உலகம் முழுவதும் அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

அந்த மூளையலைகளே இட அமைப்பைப் பற்றிய நல்ல பாடமாக இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு மின்முனைகளின் அலைகளை அவற்றின் உண்மையான மின்னழுத்த அளவிலேயே ஒரே களத்தில் வரைந்தால், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சிக்கலாகிவிடும். ஆதலின் ஒவ்வோர் அலையையும் முந்தியதற்குக் கீழே குறிப்பிட்ட உயரம் இறக்கி, அடுக்கடுக்காக வரைவது வழக்கம். அவ்வாறு இறக்கிய கணத்திலேயே நெடுக்கு ஸ்தானத்தின் அர்த்தம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: அலை எந்த உயரத்தில் நிற்கிறது என்பது எந்த மின்முனை என்பதைச் சொல்கிறது, அது தன் சொந்த அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு எழுகிறது என்பதே மின்னழுத்தத்தைச் சொல்கிறது. கிடைத்திசையில் மாத்திரம் எல்லா அலைகளும் ஒரே கால அளவைச் சார்ந்திருக்கின்றன. வலிப்பு எந்த முனையில் முதலில் தொடங்கி எந்த முனைக்குப் பரவியது என்பதே ஆராய்ச்சியாளரின் கேள்வியாதலால், பொதுவாக இருக்க வேண்டியது காலமேயன்றி உயரமன்று. கேள்வியே அமைப்பைத் தீர்மானித்துவிட்டது.

இனி நூலகத்தின் உள்ளே புகுந்து பார்ப்போம். அங்கே முதலில் இருப்பது ஒரு தாள்; அதன் அளவு, நாம் வேறொன்றும் சொல்லாவிடில், 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் ஆகும். தாளின்மீது ஒரு களம். கோடுகளும் புள்ளிகளும் விழும் செவ்வகப் பிரதேசம் அதுதான். தாளின் அகலத்தை 1 என்று வைத்துக்கொண்டால், களம் இடப்புறம் 0.125-இல் தொடங்கி 0.9-இல் முடிகிறது; உயரத்தில் 0.11-இலிருந்து 0.88 வரை எழுகிறது. மிஞ்சிய ஓரங்கள் தலைப்புக்கும், அச்சுப் பெயர்களுக்கும், அளவு எண்களுக்கும் ஒதுக்கப்பட்டவை. இடக்கரை வலக்கரையைவிடச் சற்று அகலமாக இருப்பது நெடு அச்சின் எண்கள் அங்கே குடியிருப்பதாலேயே.

இங்ஙனம் ஒரே தாளின்மீது நான்கு வெவ்வேறு அளவு முறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்திருக்கின்றன. தரவின் அளவு ஒன்று: ஆண்டுகள், பவுன்கள், மின்னழுத்தங்கள். களத்தின் அளவு மற்றொன்று: களத்தின் இடக்கீழ் மூலை சுழி, வலமேல் மூலை ஒன்று. தாளின் அளவு மூன்றாவது. இதுவும் சுழி முதல் ஒன்று வரை, ஆனால் தாளின் மூலைகளைப் பற்றி நிற்பது. கடைசியாகத் திரையின் பிக்சல் அளவு. ஒரு புள்ளி தரவிலிருந்து திரைக்கு வருவதற்கு இந்தப் படிகளை முறையே கடந்தாக வேண்டும். கிடை அச்சின் எல்லைகள் 0 முதல் 50 என்று நாம் விதித்துவிட்டதாகக் கொள்வோம். 20 என்ற தரவு களத்தில் 0.4 என்ற ஸ்தானத்தை அடைகிறது. களம் தாளின் அகலத்தில் 0.775 பங்கை ஆக்கிரமிப்பதால், அதே புள்ளி தாளில் 0.125 உடன் 0.31 சேர்ந்து 0.435 ஆகிறது, அங்குலத்துக்கு 100 பிக்சல் வீதம் தாளின் அகலம் 640 பிக்சலாதலால், கடைசியில் அது இடக்கரையிலிருந்து 278.4-ஆவது பிக்சலில் விழுகிறது. இவை யாவும் பெருக்கலும் கூட்டலுமேயாகையால் அணிகளைப் பெருக்கி ஒரே உருமாற்றமாகச் சேர்த்துவிடலாம், தலைகீழாகவும் திருப்பலாம். திரையில் சுட்டியை வைத்தவுடன் அந்த இடத்தின் ஆண்டும் தொகையும் ஓரத்தில் எழுதப்படுவது அந்தத் தலைகீழ் உருமாற்றத்தின் வேலை. மடக்கை அளவில் வரைந்தால் மாத்திரம் நடுவே இன்னொரு படி நுழைகிறது: 1 முதல் 10,000 வரை செல்லும் அச்சில் 100 என்ற எண் சரிபாதியில் வந்து நிற்கும்.

நான்கு அளவுகள் எதற்கு, ஒன்றே போதாதா என்று கேட்கத் தோன்றும். கிராமத்தில் ஒரு வீட்டை அடையாளம் சொல்லும்போது, தேரடிக்கு வடக்கே மூன்றாவது வீடு என்பாரும் உண்டு, சர்வே எண்ணைச் சொல்வாரும் உண்டு. தெரு திருத்தி அமைக்கப்படும் வரையில் இரண்டும் ஒரே வீட்டைத்தான் காட்டும், திருத்திய மறுநாள் அவை இரு வேறு வீடுகளைக் காட்டக்கூடும். வரைபடத்திலும் அப்படியே. ஒரு குறிப்புச் சொல்லைத் தரவின் 1770, 1,50,000 என்ற ஸ்தானத்தில் வைத்தாலும், களத்தின் வலமேல் மூலையருகே வைத்தாலும், இன்றைய படத்தில் அது ஒரே இடத்தில் தெரியலாம். நாளை எல்லைகள் மாறி அச்சு நீளும்போது முதற் சொல் புள்ளிகளோடு சேர்ந்து நகரும். இரண்டாவது சொல் மூலையை விட்டு அசையாது. அந்தச் சொல் ஒரு சம்பவத்தைக் குறிப்பதாக இருந்தால் நகர்வதே சரி. படம் முழுவதற்கும் உரிய குறிப்பாக இருந்தால் நகர்வது பிழை.

இரண்டு அளவுகளைக் கலக்க வேண்டிய சந்தர்ப்பங்களும் வருகின்றன. அவைதாம் எனக்கு மிக அழகானவையாகத் தோன்றுகின்றன. பிளேஃபேரின் படத்தில் 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரை ஒரு வெளிர்நிறப் பட்டையாகக் காட்ட விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் இடவல எல்லைகள் ஆண்டுகளைச் சார்ந்தவை; ஆனால் போருக்குப் பவுன் கணக்கில் உயரம் ஏது? அதன் மேல்கீழ் எல்லைகள் களத்தின் அடி முதல் முடி வரை பரவ வேண்டியவை. கிடைத்திசைக்குத் தரவின் உருமாற்றத்தையும் நெடுந்திசைக்குக் களத்தின் உருமாற்றத்தையும் கலந்து ஓர் உறுப்புக்குக் கொடுக்க மேட்பிளாட்லிப் இடம் தருகிறது. அவ்வாறே ஒரு புள்ளிக்குப் பெயரிடும்போது, பெயரின் ஆதாரம் அந்தத் தரவுப் புள்ளியாகவும், அதிலிருந்து விலகும் தூரம் நான்கைந்து பாயிண்டாகவும் இருப்பது உசிதம். விலகலையும் தரவின் அளவிலேயே சொன்னால், அச்சு சுருங்கும்போது பெயர் புள்ளியின்மேல் ஏறிக்கொள்ளும்.

பாயிண்ட் என்பது அச்சகத்தார் நெடுங்காலமாகக் கையாளும் அளவு. கணினியில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். எழுத்தின் அளவும் கோட்டின் தடிப்பும் இந்த அளவிலேயே சொல்லப்படுகின்றன. எனவே அவை களத்தையோ தரவையோ சாராமல் அங்குலத்தைச் சார்ந்து நிற்கின்றன. பிக்சல் அடர்த்தியை 100-லிருந்து 300-க்கு உயர்த்தினால் படம் கூர்மையடையுமேயன்றி உறுப்புக்களின் விகிதம் மாறாது. தாளின் அங்குல அளவை மாற்றினாலோ எல்லா விகிதங்களும் மாறிவிடும். 12.8 அங்குல அகலத்தில் 10 பாயிண்ட் எழுத்தோடு வரைந்த படத்தைப் பத்திரிகைப் பக்கத்துக்காகப் பாதியாகச் சுருக்கினால், எழுத்தும் 5 பாயிண்ட் ஆகி, வயதான வாசகர் படிக்க இயலாததாகிவிடுகிறது. படம் கடைசியில் எந்த அகலத்தில் அச்சேறுமோ அந்த அகலத்திலேயே முதலில் தாளை எடுத்துக்கொண்டு வரைய வேண்டும் என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பவன். ஆராய்ச்சி இதழ்களில் கண்ணுக்கெட்டாத எண்களோடு வெளிவரும் படங்களுக்கு இந்த ஒரு விதியைப் புறக்கணித்ததே பெரும்பாலும் காரணம்.

ஒரு தாளில் பல களங்களை அடுக்கும்போது பிரச்சினை வேறு உருவம் கொள்கிறது. எதைப் பக்கத்தில் வைப்பது, எதை அடியில் வைப்பது என்பதை அழகைக் கொண்டு முடிவு செய்வாரே அதிகம். 1984-இல் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் வெளியிட்ட பரீட்சை முடிவுகள் இதற்கு உறுதியான ஆதாரம் ஒன்றைத் தருகின்றன. மனிதக் கண் அளவுகளை ஒப்பிடுகையில், ஒரே பொது அளவுகோலின்மீதுள்ள ஸ்தானங்களையே மிகச் சரியாக மதிப்பிடுகிறது. தனித்தனி அளவுகோல்களின்மீதுள்ள ஸ்தானங்கள் அதற்கு அடுத்தவை. நீளம், கோணம், பரப்பு, நிறம் என்று போகப் போக மதிப்பீட்டில் பிழை மிகுகிறது. ஆகவே உயரங்களை ஒப்பிட வேண்டுமானால் களங்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி நெடு அச்சைப் பொதுவாக்க வேண்டும். காலங்களை ஒப்பிட வேண்டுமானால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கிடை அச்சைப் பொதுவாக்க வேண்டும். மூளையலைகள் அடுக்காக இருப்பதன் நியாயமும் இதுவே.

களங்களைச் சமமான கட்டங்களில் அடுக்குவது மேட்லேப் காலத்திலிருந்து வந்த வழக்கம். சமமற்ற அமைப்புக்களுக்கு 2020 முதல் ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது. நாம் விரும்பும் அமைப்பை எழுத்துக்களாலேயே வரைந்து காட்டலாம்: முதல் வரியில் 'அஅஆ' என்றும் இரண்டாம் வரியில் 'இஇஆ' என்றும் எழுதிக் கொடுத்தால், இடப்புறம் மேலும் கீழுமாக இரண்டு அகன்ற களங்களும், வலப்புறம் இரண்டு வரிகளையும் தழுவிய உயர்ந்த களம் ஒன்றும் உருவாகின்றன. நூலகம் ஒவ்வொரு குறியீட்டையும் ஒவ்வொரு கட்டமாக எண்ணுவதால், தமிழில் இதைச் செய்பவர் உயிரெழுத்துக்களையோ அகரமேறிய மெய்களையோ எடுத்துக்கொள்வது நலம். கி, கு போன்றவை கணினிக்கு இரண்டிரண்டு குறியீடுகள்.

ஆனால் கட்டங்களை வகுத்துவிட்டதனால் காரியம் முடிந்துவிடுவதில்லை. களத்துக்கு வெளியே தொங்கும் அளவு எண்களும் பெயர்களும் அண்டைக் களத்தின்மீது சென்று மோதுகின்றன. எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலிலேயே அளந்து ஒதுக்கலாமே எனில், அங்கேதான் ஒரு சுழற்சி தடையாக நிற்கிறது. அச்சில் எத்தனை எண்கள் எழுதப்படும் என்பது களத்தின் அளவைப் பொறுத்தது. 0, 50, 100 என்று எழுதுவதா, 0, 25, 50 என்று நெருக்கி எழுதுவதா என்பதைக் களம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்த்தே நூலகம் முடிவு செய்கிறது. எண்கள் முடிவானால்தான் அவற்றின் அகலம் தெரியும். அகலம் தெரிந்தால்தான் ஓரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது தெரியும். ஓரத்தை ஒதுக்கியபின்தான் களத்தின் அளவு தெரியும். ஒன்று மற்றொன்றைப் பற்றி நிற்கிறது.

2011-இல் சேர்க்கப்பட்ட டைட் லேஅவுட் என்னும் யுக்தி, எழுத்துக்களின் அளவைக் கணக்கிட்டு, அதற்குத் தக்கபடி ஓரங்களையும் இடைவெளிகளையும் ஒருமுறை நகர்த்திக் கொடுத்தது. சாதாரணப் படங்களுக்கு அது போதும். பல களங்களுக்குப் பொதுவான ஒரு வண்ண அளவுப்பட்டை இருக்கும்போது அது தடுமாறிற்று. வண்ணப்பட்டையின் கதையும் கவனிக்கத் தக்கது: அது தனக்கென்று புதிய இடம் தேடுவதில்லை, தான் சேர்ந்த களத்திலிருந்து 0.15 பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது. மூன்று களங்களின் வரிசையில் கடைசிக் களத்துக்கு மாத்திரம் பட்டை இணைத்தால், அது தன் சகோதரக் களங்களைவிட ஒடுங்கிப்போய், ஒப்பிடுவதற்காகவே அமைத்த வரிசை ஒப்பிடத் தகாததாகிவிடுகிறது.

2018-இல் வந்த கன்ஸ்ட்ரெயிண்ட் லேஅவுட் இந்தப் பிரச்சினையை வேறு வழியில் அணுகியது. அது எந்த உறுப்புக்கும் நேரடியாக இடம் சொல்வதில்லை. உறுப்புக்களிடையே இருக்க வேண்டிய சம்பந்தங்களை மாத்திரம் சமன்பாடுகளாகவும் அசமன்பாடுகளாகவும் எழுதுகிறது. ஒரே நெடுவரிசையிலுள்ள களங்களின் இடக்கரைகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அந்த வரிசையின் ஓரம், அதிலுள்ள எழுத்துக்களுள் மிக அகன்றதைக் காட்டிலும் குறையக் கூடாது. களங்களின் அகலங்கள் சமமாக இருக்க வேண்டும். எல்லாவற்றின் கூட்டுத்தொகை தாளின் அகலமாக வேண்டும். இவ்வாறு எழுதிய நிபந்தனைகளைத் தீர்ப்பது கிவி என்னும் தீர்வி. ஆலன் போர்னிங், பீட்டர் ஸ்டக்கி, கிரெக் பேட்ரோஸ் ஆகியோர் உருவாக்கிய கேசோவரி என்னும் முறையின் வேகமான வடிவம் அது; பறக்க இயலாத பறவையின் பெயரை இரண்டுமே தாங்கியிருக்கின்றன. கேசோவரிக்கு மூலமோ, 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் நேரியல் திட்டமிடலுக்காகக் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் முறை. ஒதுக்கீட்டுக் கணக்குகளுக்காகப் பிறந்த கணிதம், அச்சின் எண்ணுக்கு எத்தனை பிக்சல் ஒதுக்குவது என்ற கேள்விக்கும் விடை தருகிறது. மேலே சொன்ன சுழற்சியை இது முழுவதும் அறுத்துவிடவில்லை. ஒருமுறை தீர்த்து, களங்களை நகர்த்தி, நகர்ந்தபின் எழுத்துக்கள் கொண்ட புதிய அளவை அறிந்து மறுமுறை தீர்க்கிறது. நடைமுறையில் இரண்டு முறை போதுமானதாக இருக்கிறது.

இனிக் குறிவிளக்கப் பெட்டி. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் இந்தப் பெட்டிக்கு இடம் ஒன்றும் சொல்லாவிடில், களத்தின் மூலைகள், விளிம்பு நடுக்கள், மையம் ஆகிய ஒன்பது ஸ்தானங்களை நூலகம் சோதித்து, வரைந்த கோடுகளோடு மிகக் குறைவாக மோதும் ஸ்தானத்தைத் தேர்ந்துகொள்கிறது. தரவு மிகுந்தால் இந்தத் தேடலுக்கு நேரம் பிடிக்கும். அதைவிடப் பெரிய குறை, தரவு மாறும்போதெல்லாம் பெட்டி இடம் மாறுவது: மாதந்தோறும் வரும் அறிக்கையில் சென்ற மாதம் இடப்புறம் இருந்த பெட்டி இந்த மாதம் வலப்புறம் போய்விட்டால், வாசகரின் பழக்கம் வீணாகிறது. தொடர்ந்து வெளிவரும் படங்களில் பெட்டியின் இடத்தை நாமே உறுதி செய்துவிட வேண்டும்.

பெட்டியைக் களத்துக்கு வெளியே நிறுத்த முயல்வோர் யாவரும் ஒரு குழப்பத்தைச் சந்திக்கிறார்கள். களத்தின் அளவில் 1.02, 1 என்ற ஆதாரப் புள்ளியைக் கொடுத்து, கூடவே 'இடமேல்' என்றும் சொன்னால், பெட்டி களத்துக்கு வலப்புறம் வெளியே சென்று நிற்கிறது. ஆதாரப் புள்ளி கொடுத்தவுடன், 'இடமேல்' என்பது களத்தின் மூலையைக் குறிப்பதை விட்டு, பெட்டியின் எந்த மூலை அந்தப் புள்ளியைத் தொட வேண்டும் என்பதைக் குறிக்கத் தொடங்கிவிடுகிறது. இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு வரைபடத்தின் எந்த மூலையும் எட்டாததல்ல.

ஆனால் என் அபிப்பிராயத்தில், நான்கைந்து கோடுகளே உள்ள படத்துக்குக் குறிவிளக்கப் பெட்டியே வேண்டியதில்லை. பிளேஃபேர் செய்தது போல் கோட்டின் அருகிலேயே பெயரை எழுதிவிடுவதே வாசகருக்குச் செய்யும் உபகாரம். பெட்டிக்கும் கோட்டுக்கும் இடையே கண் போய்ப் போய் வரும் சிரமம் அதனால் ஒழிகிறது. பெயர்கள் மிகும்போதுதான் கஷ்டம் தலைதூக்குகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் நான்கு பக்கங்களுள் ஒன்றில் அமரலாம் என்று கொண்டால், இருபது புள்ளிகளுக்கே சாத்தியமான அமைப்புக்கள் லட்சம் கோடிக்கு மேலாகின்றன. எந்தப் பெயரும் எந்தப் பெயரோடும் மோதாத அமைப்பைக் காண்பது, இதுவரை விரைவான பொதுவழி எதுவும் அறியப்படாத கடின வகையைச் சேர்ந்தது என்பது 1990களின் தொடக்கத்தில் நிரூபிக்கப்பட்டது. ஆகவே நிரல்கள் ஓரளவு நல்ல தீர்வோடு திருப்தியடைகின்றன. ஸ்விட்சர்லாந்தின் எட்வார்ட் இம்ஹோஃப் போன்ற நிலப்பட நிபுணர்கள் கையால் கண்டு வகுத்த நெறிகளே அந்நிரல்களுக்கு வழிகாட்டி.

தமிழில் பெயரிடுவோருக்கு இன்னொரு விசேஷமான இடப் பிரச்சினை உண்டு. கணினி 'கெ' என்பதைக் ககரம் முதலாகவும் கொம்பு பின்னாகவும் சேமிக்கிறது. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பு ககரத்துக்கு இடப்புறம் வந்தாக வேண்டும். இந்த வேலையைச் செய்யும் எழுத்தமைப்புக் கருவி இல்லாமல், சேமித்த வரிசையிலேயே வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவதே இந்நூலகத்தின் சாதாரண வரைமுறையாக நெடுங்காலம் இருந்துவந்தது. அதனால் 'கெண்டை' என்று எழுதினால் கொம்பு இடம் மாறிக் கண்ணை உறுத்தும். ஸீலாடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் வழியாக அச்சிடும் மாற்று முறையைக் கையாண்டால் எழுத்துக்கள் முறையாக அமைகின்றன. தாய்மொழியில் விஞ்ஞானப் படம் வரைய விரும்பும் மாணவர்கள் இந்த ஒரு தடையால் ஆங்கிலப் பெயர்களுக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதால் இதை இங்கே எடுத்துச் சொன்னேன்.

இடவலமும் மேல்கீழும் தவிர முன்பின் என்ற ஸ்தானமும் உண்டு. படிமங்கள் 0, நிரப்பிய வடிவங்கள் 1, கோடுகள் 2, எழுத்துக்கள் 3, குறிவிளக்கம் 5 என்று ஒரு கிரமம் வகுக்கப்பட்டிருக்கிறது. எண் மிகுந்தது மேலே படியும், எண் சமமானால் பின்னால் சேர்த்தது மேலே படியும்.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சுவது களத்தின் வடிவம்: அது எவ்வளவு அகலமாக, எவ்வளவு உயரமாக இருப்பது? நான்குக்கு மூன்று என்ற பழக்க விகிதத்தில் விட்டுவிடுவோரே மிகப் பலர். 1980களின் பிற்பகுதியில் கிளீவ்லாந்தும் அவருடைய தோழர்களும் இதை ஆராய்ந்து, கோட்டின் சரிவுகள் சராசரியாக 45 பாகையை ஒட்டி அமையும்போது கண் அவற்றின் வேறுபாட்டை நன்றாகப் பிரித்தறிகிறது என்று எடுத்துக்காட்டினார்கள். அதற்குச் சிறந்த உதாரணம் சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் இந்த எண்ணிக்கையை, இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பதிவோடு, சாதாரண விகிதமுள்ள களத்தில் வரைந்தால் ஊசிமுனைகள் போன்ற சிகரங்களின் நெருக்கமே தெரியும். எந்தச் சுழற்சி உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று அதிலிருந்து அறியலாம். அதே தரவை மிகவும் தாழ்ந்து அகன்ற ஒரு பட்டைக் களத்தில் வரைந்தால், சுழற்சிகள் வேகமாக ஏறி மெதுவாக இறங்குகின்றன என்பதும், உயர்ந்த சுழற்சிகளில் இந்த வேறுபாடு மிகுதி என்பதும் கண்ணுக்கு வெளிப்படுகின்றன. முதற் களத்தில் இது மறைந்தே கிடந்தது. தரவில் ஓர் எண்ணும் மாறவில்லை. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாதாகையால், உயர்ந்த களத்தை மேலேயும் தாழ்ந்த பட்டையைக் கீழேயும் வைத்து, ஆண்டுகளை இரண்டுக்கும் பொதுவாக்கி, உயரங்களை ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் வகுத்து ஒரே தாளில் வரைவதே இத்தரவுக்கு நான் தேர்ந்துகொள்ளும் அமைப்பு.